இரண்டு கரண்டி புலிப்பால்

சாந்தா ரூஃபினா துறைமுகத்து மருத்துவமனையில் பாலைப் பற்றி மூன்று கொள்கைகள் இருந்தன. மூன்றும் அச்சில் இருந்தன, மூன்றிலும் முத்திரை இருந்தது. வாசலில் நுழைந்ததும் மேலுதட்டில் பால் மீசையோடு ஒரு குழந்தை சிரிக்கும் சுவரொட்டி: 'பாலே பலம்.' முதல் மாடியில் எலும்புப் பிரிவு: 'நாளுக்கு மூன்று கோப்பை, தவறாமல்.' இரண்டாம் மாடியில் சிறுநீரகப் பிரிவு. அங்கே கதவில் ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு: 'பால் கூடாது.' சிறுநீரகம் கெட்டால் எலும்பும் கெடும் என்பதால் இரண்டு மாடிக்கும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான் ஏறி இறங்கினார்கள். எந்தப் படியில் நிற்கிறோமோ அந்த மாடியின் கொள்கையை அனுசரிப்பது என்று அவர்கள் ஒருமாதிரி சமாளித்து வந்தார்கள்.

காசிமீரோ பெரிச்சேக்கு அப்படிச் சமாளிக்கத் தெரியவில்லை. அவர் மீன்பிடிப் படகுகளில் முப்பத்தொரு வருஷம் சமையல்காரராக இருந்தவர். உப்பு ஒரு கரண்டி என்றால் அவருக்கு அது ஒரு கரண்டிதான், தலை தட்டிய கரண்டி. ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிடுவார். பொய் சொல்வது பாவம் என்று பாதிரியார் சொன்னதை எல்லோரையும் போலக் கேட்டுவிட்டு எழுந்து வராமல் நம்பியும் தொலைத்தவர். இரண்டு வருஷமாகச் செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அவருக்கு டயாலிசிஸ். ஜன்னலோரம் மூன்றாவது நாற்காலி அவருடையது. மனைவி அசுன்தா மூன்று சக்கர மோட்டோவில் கூடவே வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பீன்ஸ் கொட்டையில் கல் பொறுக்குவாள். வீட்டிலிருந்து எட்டு நிமிஷம். அவளுடைய இடுப்பெலும்பு தாங்கும் அதிகபட்சப் பயணமும் அதுதான்.

அவருக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. அதை அவர் டாக்டர் ஆர்தெமியோ உகார்த்தேயிடம் கேட்டார். டாக்டர் உகார்த்தே சிறுநீரகப் பிரிவின் தலைவர். உணவு ஒழுங்குக் குழுவின் தலைவரும் அவரே.

"டாக்டர், நான் பால் குடிக்கலாமா? நெறைய வேணாம். காலைல கஞ்சியில கொஞ்சம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடினால் பேசப் போகிறார் என்று அர்த்தம். மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'தோன்' சேர்த்துத்தான் பேசுவார்.

"நல்ல கேள்வி, தோன் காசிமீரோ. இந்த மாதிரி கேள்வி கேக்கறவங்க வருஷா வருஷம் கொறைஞ்சுட்டே வராங்க. அது எங்க குழுவோட சாதனை."

"குடிக்கலாமா, டாக்டர்?"

"பாலுங்கறது ஒரு திரவம்னு நெனைக்கறீங்க. இல்ல. அது ஒரு மனோபாவம். இன்னிக்கு அரை டம்ளர்ம்பீங்க, நாளைக்குப் பாலாடைக்கட்டிம்பீங்க, அப்புறம் டப்பாப் பால்ம்பீங்க. கடைசியில அது எங்க போய் நிக்கும்?"

"எங்க, டாக்டர்?"

"என் புள்ளிவிவரத்துல."

காசிமீரோ நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஊசியைக் கையில் ஏற்றும்போது செவிலி நெலிதா குனிந்து அவர் காதருகே பேசினாள். பதினெட்டு வருஷமாக அந்த வார்டில் இருப்பவள். நோயாளிகள் எல்லோரையும் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்க ரத்த ரிப்போர்ட் பாத்தேன்ப்பா. அரை டம்ளர் குடிங்க, சின்ன டம்ளர். அதுல ஒண்ணும் ஆகாது. பாலாடைக்கட்டிப் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

"எழுதித் தர்றியா, மகளே?"

"எழுதினா என் வேலை போயிடும். சொன்னதோட விடுங்க."

முத்திரை இல்லாத அனுமதியைக் காசிமீரோ ஏற்கவில்லை. தண்ணீர்க் கஞ்சியே குடித்தார். கீழ்ப்படிதலில் ஒரு ருசி உண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தண்ணீர்க் கஞ்சியில் வேறு ருசி இல்லாததால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

உணவு ஒழுங்குக் குழுவின் பெருமை 'உணவு நாட்குறிப்பு' என்னும் நீல நோட்டு. நோயாளிகள் தின்றது குடித்தது எல்லாவற்றையும் அதில் எழுதி வாரத்துக்கொரு முறை அலுவலக ஜன்னலில் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒழுங்காக எழுதினார்கள். அந்த நோட்டுகளின்படி அந்த வார்டு வாரத்துக்கு நானூறு ஆப்பிள் தின்றது. ஊர்ச் சந்தைக்கு வாரத்துக்கு அறுபது ஆப்பிள்தான் வந்தது. மீதி முந்நூற்று நாற்பதும் எங்கிருந்து வருகின்றன என்று குழு விசாரிக்கவில்லை. சதவீதம் போட்டு மாகாணத் தலைமைக்கு அனுப்பியது. 'மாதத்தின் சிறந்த நாட்குறிப்பு' என்று ஒரு சான்றிதழும் உண்டு. போன மே மாதம் அதை வாங்கியவள் எவுதோசியா என்ற பெரியம்மாள். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தால், இறந்த பிறகும் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாள்.

காசிமீரோ உண்மையை எழுதி வந்தார். அதனால் அவருக்குச் சான்றிதழ் கிடைத்ததில்லை. ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் எழுதியது இது: 'மதியம்: சோறு, கோழி ஒரு துண்டு. தம்பி மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். நான் ஞானத்தந்தை. புலிப்பால், இரண்டு கரண்டி. கடவுள் மன்னிப்பாராக.'

அந்தக் கடற்கரையில் புலிப்பால் தெரியாதவன் இல்லை. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு, உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்த்தால் செவிச்சே. மீனைத் தின்றபின் கிண்ணத்தின் அடியில் வெளுப்பாய் ஒரு புளிச்சாறு மிஞ்சும். அதுதான் புலிப்பால். குடித்தவனுக்குப் புலியின் தெம்பு வரும் என்பார்கள். அதில் பசுவும் இல்லை, ஆடும் இல்லை, புலியும் இல்லை. விசேஷ வீட்டில் ஞானத்தந்தை முதல் கோப்பையைத் தொடாமல் யாரும் கிண்ணத்தில் கை வைக்க முடியாது. நாற்பது பேர் எச்சில் விழுங்கியபடி நின்றார்கள். காசிமீரோ இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கோப்பையைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார்.

நாட்குறிப்புகளைக் கணினியில் ஏற்றுபவர் எழுத்தர் ஒத்தோனியேல். செவ்வாய்க்கிழமை அவர் காசிமீரோவை அலுவலக ஜன்னலுக்குக் கூப்பிட்டார்.

"பெரியவரே, ஒரு சிக்கல். இதுல 'பால்'னு அடிச்சதும் தானா ஒரு கட்டம் தொறக்குது. என்ன விலங்குன்னு கேக்குது. பசு, ஆடு, பிற."

"அது பாலே இல்லையே, தம்பி."

"எனக்குத் தெரியாதா? நானும் அதே ஞாயித்துக்கெழம மூணு கோப்பை அடிச்சேன். ஆனா கட்டத்த நெரப்பாம இது மூடாது. மூடலைன்னா நான் வீட்டுக்குப் போக முடியாது."

"செவிச்சேன்னு போட்டுடேன்."

"நீங்க செவிச்சேன்னு எழுதலையே. நீங்க எழுதினத மாத்தினா அது மோசடி." ஒத்தோனியேல் 'பிற' என்பதை அழுத்தினார். கணினி விலங்கின் பெயரைக் கேட்டது. "நானா எதுவும் சேக்கல, பாருங்க. நீங்க எழுதினதையேதான் போடறேன்." பு, லி என்று இரண்டு எழுத்தை ஒரு விரலால் தட்டினார்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. நோயாளி எண் 114 தடை செய்யப்பட்ட பாலை அருந்தியதாகவும், அது அங்கீகரிக்கப்படாத விலங்கின் பால் என்பதால் குற்றம் இரட்டிப்பாகக் கருதப்படும் என்றும், குழுவின் முன் விளக்கம் தராவிட்டால் 'ஒழுங்கற்ற நோயாளி' என்று அறிவிக்கப்பட்டு மாகாணத் தலைநகரிலுள்ள ஒழுங்கு மேம்பாட்டு மையத்துக்கு மாற்றப்படுவார் என்றும் அதில் இருந்தது.

அசுன்தா கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"தலைநகரம்னா பஸ்ஸுல நாலு மணி நேரம்."

"ஆமா."

"போக நாலு, மெஷின்ல நாலு, வர நாலு. வாரத்துக்கு மூணு தடவ." அவள் விரல் மடக்கினாள். "ஃபொர்த்துனாத்தோவுக்கும் இதேதானே நடந்துச்சு?"

ஃபொர்த்துனாத்தோ முன்பு ஜன்னலோரம் இரண்டாவது நாற்காலியில் இருந்தவர். வாழைப்பழம் தின்றதாக நாட்குறிப்பில் எழுதியதற்காகப் போன வருஷம் ஒழுங்கு மேம்பாட்டுக்கு அனுப்பப்பட்டார். மூன்று வாரம் பஸ்ஸில் போய் வந்தார். நாலாவது வாரம், உடம்பு கேக்கலை, நாளைக்குப் போறேன் என்றார். பிறகு அவரைக் கல்லறைக்குச் சுமந்து போனவர்களில் காசிமீரோவும் ஒருவர். குழுவின் ஆண்டறிக்கையில் அவர் 'ஒழுங்கு மேம்பாடு முடித்தவர்' என்ற பட்டியலில் இருக்கிறார்.

"பொய் எழுதறதுக்கு என்ன கேடு உனக்கு, கிழவா?" என்றாள் அசுன்தா. "ஊரே ஆப்பிள்னு எழுதுது. உன் கைக்கு மட்டும் ஆப்பிள் வராதா?"

"திங்கலையே, அசுன்தா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, நாளைக்கு டாக்டரைப் போய்ப் பார், சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறேன் என்று சொல்ல வந்தவள், அழுகையும் கோபமும் கலந்து, "அந்த நீலச் சட்டையப் போட்டுட்டுப் போ. கெஞ்சறதாயிருந்தாலும் மரியாதையா கெஞ்சு," என்றாள்.

டாக்டர் உகார்த்தே அன்போடு வரவேற்றார். பேனாவை மூடினார்.

"டாக்டர், புலிப்பால்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமா தெரியாதான்னு கேட்டா, வீட்டுல எனக்குத் தெரியும். என் மனைவி பிரமாதமா செய்வா, கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டு. ஆனா இந்த நாற்காலியில உக்காந்தா எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது."

"ஏன், டாக்டர்?"

"ஒரு அதிகாரி தனக்குத் தெரிஞ்சத வெச்சு முடிவெடுக்க ஆரம்பிச்சா அப்புறம் குழு எதுக்கு? யோசிச்சுப் பாருங்க. நான் இந்தப் பதவிக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. ஒரு தடவகூட எனக்குத் தெரிஞ்சத வெச்சு முடிவெடுத்ததில்ல."

அவர் குரலில் பெருமை இருந்தது, கொஞ்சம் சோர்வும் இருந்தது. காசிமீரோவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அவருக்காக அன்றிரவு ஒரு ஜெபம் சேர்த்துச் சொன்னார்.

குழு முறைப்படி இயங்கியது. பிற விலங்கு என்று பதிவானதால், கடிதத்தின் நகல் காட்டு விலங்கு அலுவலகத்துக்குப் போனது. அடுத்த வாரம், முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஓர் அதிகாரி பெரிச்சே வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் வலை இருந்தது. கோழி பிடிக்கும் அளவு வலை.

"புலி வளக்கறதா தகவல்."

"யாரு?" என்றாள் அசுன்தா.

"நோயாளி எண் 114. நம்ம நாட்டுக் காட்டுல இருக்கறது சிறுத்தைதான், ஆனா ஜனங்க அதையும் புலின்னுதான் சொல்றாங்க. அதனால நாங்க ரெண்டையும் தேடறோம். உங்களுது பால் குடுக்கற புலியா, வெறும் புலியா?"

"உள்ள வாங்க, தேடிப் பாருங்க. இந்த வீட்டுல இருக்கற ஒரே புலி நான்தான். பால் வத்தி முப்பது வருஷமாச்சு."

அதிகாரி நிஜமாகவே தேடினார். கட்டிலடியில் குனிந்து பார்த்தார். துணிக்கொடியை விலக்கினார். கோழிக்கூண்டில் எட்டிப் பார்த்து மூன்று கோழிகளை எண்ணினார். காசிமீரோ அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, வெயிலில் வந்திருக்கிறாரே என்று குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

"ஒரு கோப்பை... அது இருக்கா?" என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி.

"எது?"

"புலிப்பால்தான். காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

இல்லை என்று தெரிந்ததும் முகம் வாடி, படிவத்தை எடுத்து நிரப்பினார். 'புலி: காணப்படவில்லை. தப்பியிருக்கலாம்.' இப்படியாகக் காசிமீரோவின் கோப்பில் காட்டு விலங்கைத் தப்பவிட்ட குற்றமும் சேர்ந்தது.

விசாரணையை ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு வைத்தார்கள். பொருளை நேரில் ஆராயாமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று ஓர் உறுப்பினர் சொன்னார். எல்லோரும் ஆமோதித்தார்கள். பிறகு இன்னொருவர், நாலு மணிக்குச் செவிச்சே யார் சாப்பிடுவார்கள், மதியம் மூன்றுக்கு மேல் அதைத் தொட்டால் வயிறு கெடும் என்று அந்தக் கடற்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியுமே என்றார். குழு, தனக்கு எதுவும் தெரியாது என்ற கொள்கையை இந்த ஒரு விஷயத்தில் தளர்த்தி, விசாரணையை நண்பகல் பன்னிரண்டுக்கு மாற்றியது.

மீன் சந்தையிலிருந்து கடைக்காரி ஒருத்தி மூடி போட்ட வாளியோடு வந்தாள். ஆறு உறுப்பினர்கள், ஆறு கோப்பை. ஒத்தோனியேல் ஓரத்தில் கணினியோடு உட்கார்ந்து நடப்பதையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார். காசிமீரோ நீலச் சட்டையில் நின்றார். நாற்காலி இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை.

டாக்டர் உகார்த்தே முதல் கோப்பையைக் குடித்தார். கண்ணை மூடினார்.

"காரம்," என்றார். "பால்ல காரம் இருக்குமா?"

"பொதுவா இருக்காது," என்றார் உறுப்பினர் ஒருவர், உதட்டைத் துடைத்தபடி. "ஆனா ஒரே ஒரு கோப்பைய வெச்சு முடிவுக்கு வர்றது விஞ்ஞானம் ஆகாது."

முதல் கோப்பையைச் சரிபார்க்க இரண்டாவது கோப்பை ஊற்றப்பட்டது. ஒருவருக்கு அமில வியாதி என்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். ஆக மொத்தம் பதினொன்று. வாளியின் அடியில் மீன் துண்டுகள் கிடந்தன. அவை சாட்சியத்தின் பகுதியா என்ற கேள்வி எழுந்தது. சாட்சியத்தை முழுமையாக ஆராய்வது என்று முடிவாகி, கடைக்காரி வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வறுத்த சோளமும் எடுத்து வைத்தாள்.

"ஏன் பெரியவரே, நீங்க சாப்பிடலையா?" என்று அவள் கேட்டாள். அந்த அறையில் அன்று காசிமீரோவிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

"எனக்கு உப்பு ஆகாதும்மா."

தட்டுகள் காலியானதும் டாக்டர் உகார்த்தே எழுந்து நின்றார்.

"நண்பர்களே, இந்தக் குழு எதையும் மேலோட்டமா பாக்காதுங்கறதுக்கு இன்னிய நாளே சாட்சி. நாங்க ருசிச்சோம். மறுபடியும் ருசிச்சோம். இதுல பால் இல்லைங்கறது எங்க ஆறு பேருக்கும் சந்தேகமில்லாம தெரிஞ்சுபோச்சு. ஆனா பேருல பால் இருக்கு. பொருள் போயிடும், பேரு நிக்கும். நாங்க நோயாளியோட வயித்தக் கண்காணிக்க முடியாது. அவர் எழுதறதத்தான் கண்காணிக்க முடியும். ஆகவே தோன் காசிமீரோ குற்றம் செய்யல, ஆனா குற்றத்த எழுதிட்டாரு. பெருந்தன்மையோட அவர மன்னிக்கறோம்."

கைதட்டினார்கள். காசிமீரோ சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். வெளியே பெஞ்சில் அசுன்தா எழுந்து நின்றாள்.

அப்போது அச்சுப்பொறி தானாக ஓடத் தொடங்கியது.

எல்லோரும் ஒத்தோனியேலைப் பார்த்தார்கள். ஒத்தோனியேல் திரையைப் பார்த்தார்.

"கூட்டத்துல நடந்ததெல்லாம் பதியணும்னு விதி, டாக்டர். பதிஞ்சேன். பதினொரு கோப்பை புலிப்பால் அருந்தப்பட்டது. எந்த எண்ல பதியறதுன்னு கேட்டுச்சு. வழக்கு எண் 114 தானே?"

"அதனால?"

"அது நோயாளி எண்ணும்தான். இப்ப இவர் கணக்குல இன்னிக்கு மட்டும் பதினொரு மீறல். மூணுக்கு மேல போனா மாற்றல் உத்தரவு தானா அடிச்சுடும்."

தாள் வெளியே வந்து விழுந்தது. டாக்டர் அதை எடுத்து மெதுவாகப் படித்தார். இரண்டாவது கோப்பையின் காரத்தில் அவர் நெற்றி இன்னும் வேர்த்திருந்தது.

"அத நீங்கதானே குடிச்சீங்க, டாக்டர்," என்றார் காசிமீரோ.

"குடிச்சது நான். மறுக்கல. ஆனா எனக்கு நோயாளி எண் கெடையாதே." டாக்டர் தாளை அவர் கையில் கொடுத்தார், உண்மையான வருத்தத்தோடு. "மெஷின் எடுத்த முடிவுல மனுஷன் தலையிட்டா, நாளைக்கு மனுஷன் எடுத்த முடிவுலயும் மனுஷன் தலையிடுவான். வண்டி வந்து கூட்டிட்டுப் போகும். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, அங்க சுவரெல்லாம் புதுசா வெள்ளையடிச்சிருக்காங்க."

மறுநாள் சனிக்கிழமை வார்டு சுவரில் ஒட்டிய டயாலிசிஸ் பட்டியலில் காசிமீரோவின் பெயர் இல்லை. தலைநகரத்துப் பட்டியலில் இருந்தது. அவரை அழைத்துப் போக வேண்டிய வண்டி பழுதுபார்க்கப் போயிருந்தது. உத்தரவுப்படி அவர் வண்டியில்தான் போக வேண்டும். வண்டி இல்லாததால் போக முடியாது. பட்டியலில் இல்லாததால் இங்கேயும் சிகிச்சை இல்லை. கணுக்கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்க, வார்டு வாசலில் நின்றார். திரும்பிப் போய்விடலாம் என்று அசுன்தாவிடம் சொல்லிக்கொண்டிருக்கையில் நெலிதா வெளியே வந்தாள்.

"இங்க என்ன நின்னுட்டிருக்கீங்க? உள்ள வாங்கப்பா."

"என் பேரு இல்லம்மா."

"மெஷினுக்குப் பேரு படிக்கத் தெரியாது. வந்து உக்காருங்க."

"பொய் எழுத வேண்டியிருக்குமே உனக்கு. அது வேணாம்."

"உங்களோட பெரிய ரோதனையா போச்சு." அவள் பதிவேட்டை எடுத்து, அவர் கண்ணெதிரே எழுதி, சத்தமாகப் படித்தும் காட்டினாள்: "'நோயாளி 114. வண்டிக்காகக் காத்திருக்கிறார். இதற்கிடையில் சிகிச்சை அளிக்கப்பட்டது.' இதுல எங்கயாவது பொய் இருக்கா, சொல்லுங்க."

காசிமீரோ யோசித்தார். இல்லை. ஒரு சொல்கூட இல்லை. அவர் போய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரத்தம் குழாயில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "மகளே, அன்னிக்குப் பால் பத்திச் சொன்னியே. அது நெஜமா?"

"உங்க ரிப்போர்ட்டப் பாத்துட்டுத்தானே சொன்னேன். எல்லாருக்கும் சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சொல்றேன். அரை டம்ளர். நீங்க இப்படி ஒண்ணும் திங்காம வத்திப்போனா அதுதான் ஆபத்து. அந்தப் புலிப்பால்தான் கூடாது, உப்பு. ரெண்டு கரண்டியோட நிறுத்துனீங்க, போகட்டும்."

முத்திரை உள்ள காகிதங்கள் அவர் பையில் எட்டு இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவருடைய ரத்தத்தைப் பார்த்துவிட்டு எழுதியதாக இல்லை. மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து அசுன்தாவிடம், "கஞ்சில பால் ஊத்து. அரை டம்ளர். அளந்து," என்றார். நாட்குறிப்பிலும் அப்படியே எழுதினார்: பால், பசு, அரை டம்ளர். ஒத்தோனியேல் அதைப் பார்த்துவிட்டு, இந்த முறை விலங்கு சரியாக இருக்கிறது என்று பாராட்டினார். மாற்றல் உத்தரவு ஏற்கெனவே அடித்தாகிவிட்டதால், கணினிக்கு அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

ஏழு வாரம் நெலிதா பதிவேட்டில் அதே வரியை எழுதினாள். எட்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரிச்சே வீட்டு வாசலில் வெள்ளை வண்டி வந்து நின்றது. பழுது நீங்கியிருந்தது. ஓட்டுநர் வித்தால் தடித்த மனிதர், தூக்கம் கலையாத முகம். கையில் உத்தரவு.

"காசிமீரோ பெரிச்சே? புலி கேஸு?"

"நான்தான்."

"தலைநகரம் போகணும். பையெல்லாம் எடுத்துக்கங்க, மாமா."

அசுன்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய் அவருடைய ஸ்வெட்டரை எடுத்து வந்தாள். அதன் பொத்தான்களைப் போட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. அவர் அவள் தலையில் கை வைத்து நின்றார்.

வித்தால் அவர்களைப் பார்த்தார். பிறகு வேறு எங்காவது பார்க்க வேண்டுமே என்று கையிலிருந்த தாளைப் பார்த்தார். முன்பக்கத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். வண்டி ஓட்டி வந்த இருபது வருஷத்தில் அவர் ஓர் உத்தரவின் பின்பக்கத்தைப் படித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"இருங்க, இருங்க. இங்க ஏழாவது நிபந்தனைன்னு ஒண்ணு போட்டிருக்கான்." விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். "'பால் தொடர்பான நோயாளியை, பால் அருந்திய இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வண்டியில் ஏற்றலாகாது.' இது யாரு எழுதினது?"

"குழுவா இருக்கும்," என்றார் காசிமீரோ.

"மாமா, நல்லா யோசிச்சு பதில் சொல்லுங்க." வித்தால் பேனாவை எடுத்து, அதன் மூடியைக் கழற்றினார். "இன்னிக்குக் காலைல பால் ஏதாவது குடிச்சீங்களா?"

காசிமீரோ அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொல்லிச் சொல்லியே இவ்வளவு தூரம் வந்திருந்தார். அது இந்தப் பக்கமும் திரும்பும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"குடிச்சேன். அரை டம்ளர்."

"சாட்சி?"

"நான்தான் காச்சினேன்!" என்று கத்தினாள் அசுன்தா. "பானை இன்னும் கழுவல. வந்து பாருங்க!"

"பாக்க வேணாம்மா. நம்பறேன்." வித்தால் எழுதினார். 'நோயாளி பால் அருந்தியுள்ளார். ஏற்ற இயலவில்லை.' கையெழுத்துப் போட்டார். "நான் விதிய மீற முடியாது. வியாழக்கிழமை வருவேன். அப்புறம் சனிக்கிழமை. உத்தரவு இருக்கற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் வந்துதான் ஆகணும். வரும்போதெல்லாம் இதே கேள்வியக் கேப்பேன்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இப்ப எங்க, ஆஸ்பத்திரிக்கா? நான் அந்தப் பக்கம்தான் திரும்பிப் போறேன். ஏறிக்கங்க. தலைநகரத்துக்கு ஏத்தக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு."

'தலைநகரத்துக்கு' என்ற சொல் தாளில் இல்லை. ஆனால் தாள் ஏற்கெனவே அவர் பைக்குள் போய்விட்டது, அதை எடுத்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

குழுவின் அடுத்த ஆண்டறிக்கையில் பாலுக்கென்று தனி அத்தியாயம் உண்டு. ஒரே ஒரு நோயாளி மட்டும் திருந்த மறுத்துத் தொடர்ந்து மீறி வருவதாகவும், அவரை மாற்ற இதுவரை நூற்று ஏழு முறை வண்டி அனுப்பப்பட்டதாகவும், குழு சலிக்காமல் விழிப்போடு இருப்பதாகவும் டாக்டர் உகார்த்தே எழுதியிருக்கிறார். மாகாணத் தலைமை அந்த விழிப்பைப் பாராட்டி ஒரு சான்றிதழ் அனுப்பியது.

செவ்வாய், வியாழன், சனி காலைகளில் பெரிச்சே வீட்டு அடுக்களையில் சின்னப் பானை ஏறுகிறது. காசிமீரோ கண்ணை மூடி ஜெபம் சொல்கிறார்: நெலிதாவுக்காக, வித்தாலுக்காக, குழு உறுப்பினர்கள் ஆறு பேருக்காகவும் தனித்தனியாக. ஜெபம் நீண்டுகொண்டே போகிறது. அசுன்தா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பாதிக்கு மேல் ஒரு சொட்டும் இல்லை என்று பார்த்துவிட்டு, அவர் முன்னால் வைக்கிறாள்.

"ஆமென் அப்புறம் சொல்லிக்கலாம். குடி கிழவா, வண்டி வந்துடும்."